எடுத்து அரைப்பதா, அரைத்து எடுப்பதா?

போன வருடம் மாசி மாதம், ஒரு சனி ஞாயிறு லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்க பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து வண்டி வாடகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. என்ன ஆச்சு என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

அறுபது மூட்டை மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு ஒரு தீவன மில்லுக்குப் போயிருக்கிறார். அங்கே சாம்பிள் எடுத்து லேபில் பார்த்துவிட்டு, பூஞ்சை நச்சு அதிகம், லோடு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க வண்டியிலேயே காத்திருந்து, மறுநாள் வேறொரு மில்லுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் சாம்பிள், அங்கேயும் லேப். ரிசல்ட் நார்மல். மூட்டையை இறக்கிக்கொண்டார்கள்.

"ஒரே களத்துச் சோளம், ஒரே வண்டி. ஒருத்தன் விசம்ங்கறான், இன்னொருத்தன் நல்ல சோளம்ங்கறான். நீ இஞ்சினீரு படிக்கறயே அம்மணி, இதுல எதுதான் நெசம்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "ரெண்டுல ஒருத்தர் மிஷின் சரியில்லாம இருந்திருக்கும் பெரியப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். அது தப்பான பதில் என்று புரிய எனக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்டும், எங்கள் லேப் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு குட்டி ஹேமர் மில்லும் தேவைப்பட்டன. அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி

திருப்பூர் மாவட்டம் என்றாலே எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். எங்கள் மடத்துக்குளம் பக்கம் வந்தால் படம் மாறிவிடும். உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில், அமராவதி ஆற்றை ஒட்டிய ஊர். நெல், கரும்பு, தென்னை, மக்காச்சோளம். பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை. உடுமலையிலிருந்து பல்லடம் வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் நீள நீளமான கறிக்கோழிப் பண்ணைகள். கோழித்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். அதனால் இங்கே மக்காச்சோளம் விளைவிப்பவருக்கும், தீவன மில்லுக்கும், கோழி வளர்ப்பவருக்கும் நடுவில் ஒரு லேப் ரிசல்ட் நிற்கிறது. அந்த ஒரு எண்தான் ஒரு லோடின் தலையெழுத்து.

அந்த நச்சு என்ன?

பெயர் அஃப்ளடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்குவது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் இந்தப் பெயரே வைத்தார்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்துப்போயின. தேடிப் பார்த்தால் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நச்சு இருந்தது. அப்போதுதான் உலகத்துக்கே இது தெரிய வந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்தது. பதிவான 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஃப்ளடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கோழிக்கும் கல்லீரல்தான் போகும். வளர்ச்சி குறையும், நோய் எதிர்ப்பு குறையும், தடுப்பூசி போட்டும் சரியாக எடுக்காது.

இதற்கான வரம்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். தானியத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 15 பிபிபி. அமெரிக்காவில் மனிதர் உண்ணும் உணவுக்கு 20 பிபிபி. ஒரு பிபிபி என்றால் ஒரு டன்னில் ஒரு மில்லிகிராம். ஒரு டன் மக்காச்சோளத்தில் வெறும் 20 மில்லிகிராம் நச்சு. ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிடப் பல மடங்கு எடை.

ஒரே ஒரு மணி போதும்

இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருந்தால் பிரச்சினையே இல்லை. டீயில் சர்க்கரை மாதிரி எங்கே மொண்டு குடித்தாலும் ஒரே இனிப்பு. ஆனால் பூஞ்சை அப்படி வருவதில்லை. ஒரு கதிரில் பூச்சி கடித்த நாலு மணியில் மட்டும் பிடிக்கும். பக்கத்து மணி பளபளவென்று நன்றாக இருக்கும். இரண்டும் கதிரடிக்கும் மிஷினில் விழுந்து, களத்தில் கலந்து, மூட்டையில் ஏறிவிடும்.

பாதிக்கப்பட்ட ஒரே மக்காச்சோள மணியில் 4,00,000 பிபிபி வரை அஃப்ளடாக்சின் இருந்ததாக 1970-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு மணியின் எடை சுமார் 0.3 கிராம். அப்படி மோசமான ஒரு மணியில் இருக்கும் நச்சு 120 மைக்ரோகிராம். இந்த ஒரு மணியை 5 கிலோ சுத்தமான மக்காச்சோளத்தில் போடுங்கள். 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24 பிபிபி. ஐந்து கிலோவில் ஏறக்குறைய 16,700 மணிகள் இருக்கும். அதில் 16,699 மணிகள் நல்லவை. ஒன்றே ஒன்று கெட்டது. ஆனாலும் அந்த 5 கிலோ மொத்தமும் வரம்பைத் தாண்டிவிட்டது!

லேபில் டெஸ்ட் செய்ய எடுப்பது 5 கிலோ இல்லை. பொதுவாக 50 கிராம் அல்லது அதற்கும் குறைவு. அந்த 5 கிலோவிலிருந்து ஒரு கப்பில் 50 கிராம் மணியாகவே அள்ளினால், அந்தக் கெட்ட மணி கப்பில் வர வாய்ப்பு நூற்றில் ஒன்று. வரவில்லை என்றால் ரிசல்ட் பூஜ்யம். வந்துவிட்டால் 2,400 பிபிபி. உண்மையான 24 என்ற எண் எந்தக் காலத்திலும் வராது. ஒன்று பூஜ்யம், இல்லையென்றால் நூறு மடங்கு. நடுவே எதுவும் இல்லை.

நான் செய்த தப்பு

ப்ராஜெக்டின் முதல் மாதத்தில் நான் செய்தது அச்சு அசலாக இதுதான். ஒரு சாக்கிலிருந்து 50 கிராம் அள்ளி, அதைப் பொடியாக்கி, கிட்டில் வைத்துப் பார்த்தேன். திரும்ப ஒரு 50 கிராம். திரும்ப ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்தன. கிட் எக்ஸ்பயரி ஆகிவிட்டது, பிப்பெட் சரியில்லை, ஃபேன் காற்று என்று கண்டதையும் குறை சொன்னேன்.

கைடு மேடம் என் நோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ எடுத்து அரைச்சியா, அரைச்சு எடுத்தியா?"

எனக்குப் புரியவில்லை. எப்படி இருந்தாலும் பொடிதானே?

மேடம் ஒரு சின்ன வேலை கொடுத்தார். பத்து மக்காச்சோள மணிகளை நீல மையில் ஊறவைத்துக் காயவைத்தோம். 5 கிலோவில் கலந்தோம். பிறகு ஒரு கப்பால் ஐம்பது ஐம்பது கிராமாக அள்ளி, நீல மணியைத் தேடினோம். பத்து கப்பில் ஒன்பதில் எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு மணி. அந்த ஒன்பது கப்பையும் எவ்வளவு நைசாக அரைத்தாலும், எத்தனை லட்சம் ரூபாய் மிஷினில் வைத்தாலும், நீலம் வரப்போவதில்லை. ஏனென்றால் அதற்குள் நீலமே இல்லை.

அடுத்து எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி, 5 கிலோவையும் ஹேமர் மில்லில் அரைத்து நன்றாகக் கலந்தோம். இப்போது எந்தக் கப்பை எடுத்தாலும் மஞ்சள் மாவில் குட்டிக் குட்டியாக நீலப் புள்ளி. கப்புக்குக் கப்பு கொஞ்சம் கூடக்குறைய இருந்தது. ஆனால் எந்தக் கப்பும் பொய் சொல்லவில்லை.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். மிக்ஸி போதும். அரைத்த பிறகு அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

ஹேமர் மில்லுக்குள் என்ன நடக்கிறது?

பெயரில் இருப்பதுதான் வேலை. நடுவில் வேகமாகச் சுழலும் ஒரு ரோட்டார். அதில் பின் போட்டு மாட்டிய சிறு இரும்புச் சுத்தியல்கள். ரோட்டாரைச் சுற்றி ஓட்டை போட்ட தகடு, அதாவது ஸ்கிரீன். மேலிருந்து மணி விழுகிறது, சுத்தியல் அடிக்கிறது, மணி உடைந்து சுவரில் மோதுகிறது, திரும்ப வந்து அடி வாங்குகிறது. ஸ்கிரீன் ஓட்டையில் நுழையும் அளவு சின்னதாகும் வரை வெளியே போக வழி கிடையாது.

ஆட்டுக்கல், திரிகை எல்லாம் இரண்டு பரப்புக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பவை. ஹேமர் மில் அடித்து உடைக்கிறது. அதனால் காய்ந்த, நொறுங்கும் தன்மையுள்ள பொருளுக்கு இது ரொம்பப் பொருத்தம். மக்காச்சோளம், கோதுமை, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மாதிரி.

பெரும்பாலான மில்களில் சுத்தியலை ரோட்டாரோடு இறுக்கி வைக்காமல், பின்னில் ஆடும்படி விடுகிறார்கள். காரணம் எளிது. தப்பித்தவறி ஒரு கல்லோ நட்டோ உள்ளே விழுந்தால் சுத்தியல் பின்னால் மடங்கிக்கொடுக்கும். இறுக்கமாக இருந்தால் ஏதாவது ஒன்று முறிந்துவிடும். சுழலும்போது மையவிலக்கு விசை அதை விறைப்பாக நீட்டி வைத்துக்கொள்கிறது.

உடைப்பதை முடிவு செய்வது மோட்டாரின் சைஸ் மட்டும் இல்லை. சுத்தியல் முனையின் வேகம் முக்கியம். முனை வேகம் என்பது π × விட்டம் × ஒரு நொடிக்கான சுற்று. தீவன மில்லில் இருக்கும் பெரிய மிஷினை எடுத்துக்கொள்வோம். விட்டம் 1 மீட்டர், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் முனை வேகம் நொடிக்கு சுமார் 78 மீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல்! இப்போது லேபில் மேசை மேல் வைக்கும் குட்டி மில். விட்டம் 10 சென்டிமீட்டர்தான். அதே வேகம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழல வேண்டும். லேப் மில் ஏன் விமானம் மாதிரிக் கத்துகிறது என்று இப்போது புரிகிறதா? சின்னதாக இருப்பதால்தான் அவ்வளவு வேகம்.

அடுத்தது ஸ்கிரீன். 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் 3 மில்லிமீட்டர் துகள் வரும் என்று நான் நினைத்திருந்தேன். வருவதில்லை. துகள் நேராக வந்து ஓட்டையில் விழுவதில்லை. ஸ்கிரீனை உரசிக்கொண்டு சாய்வாகப் பறக்கிறது. சாய்வாக வரும் துகளுக்கு ஓட்டை இன்னும் குறுகலாகத் தெரியும். அதனால் வெளிவருவதில் பெரும்பாலானவை ஓட்டையைவிட நன்றாகவே சின்னவை. ஸ்கிரீன் தகடு தடிமனாக இருந்தால் இது இன்னும் கூடும். ஆகவே ஸ்கிரீன் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது, வெளிவந்த மாவைச் சலித்துத்தான் பார்க்க வேண்டும். அஃப்ளடாக்சின் வேலைக்கு வழக்கமாக 20 மெஷ் சல்லடையை, அதாவது 0.85 மில்லிமீட்டர் ஓட்டையை, அளவுகோலாக வைக்கிறார்கள். மாவில் பெரும்பகுதி அதில் இறங்க வேண்டும்.

எவ்வளவு நைசு போதும்?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். மறுபடியும் அதே 5 கிலோ, அதே ஒரு கெட்ட மணி, உண்மையான அளவு 24 பிபிபி. முழுவதையும் அரைத்து, நன்றாகக் கலந்து, 50 கிராம் எடுக்கிறோம். துகளின் அளவை மட்டும் மாற்றிப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கத் துகளைக் கனசதுரம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

துகள் 2 மில்லிமீட்டர் என்றால், அந்தக் கெட்ட மணி சுமார் 30 துண்டாகிறது. நம் 50 கிராமில் சராசரியாக 0.3 துண்டு வரும். ஒரு துண்டுகூட வராமல் போக 74 சதவீத வாய்ப்பு. அதாவது நாலில் மூன்று தடவை "நல்ல சோளம்" என்று ரிசல்ட் வரும்.

துகள் 0.8 மில்லிமீட்டர் என்றால், 470 துண்டுகள். 50 கிராமில் சராசரி 4.7. ரிசல்ட் பெரும்பாலும் 13-க்கும் 35-க்கும் நடுவில் ஆடும். முழுப் பொய் வராது, ஆனால் ஆட்டம் இன்னும் இருக்கிறது.

துகள் 0.4 மில்லிமீட்டர் என்றால், சுமார் 3,750 துண்டுகள். சராசரி 37. ரிசல்ட் பெரும்பாலும் 20-க்கும் 28-க்கும் நடுவில் வந்துவிடும்.

துகளின் நீளத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்கு கூடுகிறது. எட்டின் வர்க்கமூலம் 2.8. பிழை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பியர் ஜீ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1950-களில் சுரங்கத் தாதுக்களுக்காக உருவாக்கிய சாம்பிளிங் கோட்பாட்டின் மையத்தில் இருப்பதும் இந்தக் கன விதிதான். தங்கத் தாதுவுக்கு எழுதிய கணக்கு நம்ம ஊர் மக்காச்சோளத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

அப்படியென்றால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி அரைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அரைக்கலாம், ஆனால் சும்மா இல்லை. மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ் பேப்பரில் ரிட்டிங்கர், கிக், பாண்ட் என்று மூன்று விதி படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்தோம். நைசாக்க நைசாக்கச் செலவாகும் ஆற்றல் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் சாரம். அந்த ஆற்றலில் மிகப் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. மில் சூடாகும், மாவு சூடாகும், ஈரம் பறக்கும்.

அஃப்ளடாக்சினுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. அது முழுக்கச் சிதைய மிக அதிகமான சூடு வேண்டும். சமைத்தால் போகாததற்கும் இதுதான் காரணம். ஆனால் அதே மாவில் ஈரப்பதமும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ரிசல்ட் குறைந்துதான் வரும். ஈரப்பதத்துக்குத் தனியாகச் சாம்பிள் வைத்துவிடுவது நல்லது.

இதே கதை கோதுமையிலும் உண்டு. கோதுமையில் முளைவிட்ட மணிகள் கலந்திருக்கிறதா என்று பார்க்க 'ஃபாலிங் நம்பர்' என்றொரு டெஸ்ட் இருக்கிறது. டெஸ்டுக்குத் தேவை வெறும் 7 கிராம் மாவு. ஆனால் 0.8 மில்லிமீட்டர் ஸ்கிரீன் போட்ட லேப் ஹேமர் மில்லில் சுமார் 300 கிராம் அரைக்கச் சொல்கிறார்கள். மீதி 293 கிராம் வீண் என்று தோன்றும். அந்த 293 கிராம்தான் 7 கிராமை உண்மை பேச வைக்கிறது.

லேபில் கைதவறும் இடங்கள்

இதெல்லாம் என் ப்ராஜெக்டில் நானே செய்ததும், செய்யப் பார்த்து மேடத்திடம் மாட்டியதும்.

அடுத்த சாம்பிளில் முந்தைய சாம்பிள். மில் உள்ளே மூலையில், ஸ்கிரீன் ஓட்டையில் மாவு ஒட்டிக்கொள்ளும். முதல் சாம்பிள் ரொம்ப மோசமானது, இரண்டாவது சுத்தமானது என்றால், இரண்டாவதுக்கு வரும் கெட்ட பெயர் முதலாவதுடையது. ஒவ்வொரு தடவையும் பிரஷ், வேக்குவம் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு புதுச் சாம்பிளில் ஒரு கைப்பிடி ஓட்டி, அதை வெளியே கொட்டிவிட்டுத்தான் மீதியை அரைக்க வேண்டும்.

தூசியைத் தூக்கி எறிவது. பூஞ்சை பிடித்த மணி நல்ல மணியைவிட எளிதில் நொறுங்கும். அதனால் நைசான தூசியில் நச்சு அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. தூசிப் பையில் சேர்ந்ததை "குப்பை" என்று தட்டிவிட்டால், தேடிய குற்றவாளியையே வெளியே அனுப்பியது மாதிரி.

மேலாக ஒரு ஸ்பூன் எடுப்பது. அரைத்த மாவை டப்பாவில் போட்டுத் தட்டினால் நைசு கீழே இறங்கும், பருமன் மேலே வரும். மிக்சர் பாக்கெட்டின் அடியில் தூள் சேருவது போலத்தான். மேலாக எடுத்தது மொத்தத்துக்கும் பிரதிநிதி ஆகாது. மாவைக் குவித்து, தட்டையாக்கி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மறுபடி கலக்கும் பழைய முறை இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. வசதி இருந்தால் ரிஃபில் ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான்.

தேய்ந்த ஸ்கிரீன். ஓட்டை பெரிதானதும், ஒரு மூலை கிழிந்ததும் வெளியிலிருந்து தெரியாது. மாவு பருமனாகிக்கொண்டே வரும், சாம்பிள் பிழையும் கூடவே ஏறும். மேலே பார்த்த அந்த எட்டு மடங்குக் கணக்கு இப்போது எதிர்த்திசையில் ஓடும். வாரத்துக்கு ஒரு தடவை சல்லடைச் சோதனை செய்தால் பிடித்துவிடலாம்.

மாஸ்க் போடாமல் நிற்பது. நாம் தேடுவது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மில் அதைக் காற்றில் பறக்கும் தூசியாக மாற்றித் தருகிறது. என்95 மாஸ்க், காதுக்கு மஃப், தூசியை இழுக்கும் ஹுட், இது மூன்றும் இல்லாமல் ஸ்விட்சைப் போடக் கூடாது. ரோட்டார் முழுக்க நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். கையால் தள்ளவே கூடாது.

எல்லாவற்றையும் இதில் போடாதீர்கள்

எங்கள் ஊரில் தேங்காய்க்குக் குறைவில்லை. ஆர்வத்தில் கொப்பரையை ஹேமர் மில்லில் போட்டால் என்ன ஆகும்? அடி விழ விழ எண்ணெய் கசிந்து, ஸ்கிரீன் ஓட்டையெல்லாம் பசையாக அடைத்துக்கொள்ளும். மில் சூடாகி நிற்கும். கழுவி எடுக்க அரை நாள். நிலக்கடலைக்கும் அதே கதிதான். எண்ணெய் அதிகமுள்ள பொருளை வெட்டிக் கலக்கும் மிஷினில் போடுவார்கள், அல்லது தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைப்பார்கள், அல்லது உறைய வைத்து உடைப்பார்கள்.

நாராக இருப்பதும் இப்படித்தான். கரும்பு, வைக்கோல், பருத்தித் துணி எல்லாம் அடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். கத்தி போட்ட கட்டிங் மில்தான் அதற்குச் சரி. பல சர்க்கரை ஆலைகளில் பிழிவதற்கு முன்னால் கரும்பை ஆடும் சுத்தியல் கொண்ட ஷ்ரெடரில் போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே தேவை கரும்பை நார்நாராகப் பிரிப்பது. சல்லடையில் இறங்கும் பொடி அங்கே யாருக்கும் வேண்டாம்.

ரொம்ப ஈரமான மக்காச்சோளமும் ரப்பர் மாதிரி அடி வாங்கிக்கொண்டு ஸ்கிரீனில் அப்பிக்கொள்ளும். முதலில் மிதமான சூட்டில் காயவைத்துவிட்டு அரைக்க வேண்டும்.

மில்லால் செய்ய முடியாதது

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஹேமர் மில் லேபுக்கு வந்த சாம்பிளைத்தான் நேர்மையாக்கும். லாரியிலிருந்து லேபுக்கு என்ன வந்தது என்பது அதன் கையில் இல்லை.

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோஹான்சன், விட்டேக்கர் முதலான ஆய்வாளர்கள் பதினெட்டு லாட் மக்காச்சோளத்தை எடுத்து, ரிசல்டில் வரும் ஆட்டம் எந்தெந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். 20 பிபிபி உள்ள லாட், 1.13 கிலோ சாம்பிள், ரோமர் மில் என்ற வேறுவகை அரவை மிஷின், 50 கிராம் மாவு. மொத்த மாறுபாட்டில் லாட்டிலிருந்து சாம்பிள் எடுக்கும் கட்டத்தின் பங்கு 77.8 சதவீதம். அரைத்துப் பிரிக்கும் கட்டம் 20.5 சதவீதம். கடைசியில் கருவியில் அளக்கும் கட்டம் வெறும் 1.7 சதவீதம்.

இந்த மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் காசு கொட்டுவது அந்த 1.7 சதவீதக் கருவிக்கு. ஏசி ரூம் அதற்கு. பயிற்சி பெற்ற ஆள் அதற்கு. அரவை மிஷின் மூலையில் கிடக்கும். மூட்டையில் குத்தூசி குத்துவது அவசரத்தில் யாரோ ஒருவர், கைக்கு எட்டிய நாலு மூட்டையில்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ம் ஆண்டு விதி 50 டன்னுக்கு மேற்பட்ட தானிய லாட்டுக்கு நூறு இடங்களில் எடுத்து, மொத்தம் 10 கிலோ சாம்பிள் சேர்க்கச் சொன்னது. லேபுக்கு வரும் சாம்பிள் முழுவதையும் நைசாக அரைத்துக் கலக்க வேண்டும் என்றும் சொன்னது. எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

பெரியப்பாவுக்கான பதில்

இந்தப் பொங்கலுக்குப் போனபோது, நீல மை மணி பத்தைப் பாக்கெட்டில் போட்டு எடுத்துப் போனேன். திண்ணையில் ஒரு முறம் சோளத்தில் கலந்துவிட்டு, "ஒரு டம்ளர் அள்ளுங்க பெரியப்பா" என்றேன். அள்ளினார். நீலம் இல்லை. இன்னொரு டம்ளர். ஒன்று வந்தது. எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டு பேரும் பொய் சொல்லல?"

"பொய் சொல்லியிருக்கணும்னு இல்லை பெரியப்பா. ரெண்டு பேரும் அவங்கவங்க டம்ளர்ல இருந்ததைச் சொல்லியிருக்கலாம். வண்டியில இருந்தது யாருக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. "அப்ப அந்த ரெண்டாவது மில்லுல இறக்குனது நெசமாலுமே கெட்ட சோளமா இருந்திருந்தா? அதத் தின்ன கோழி யாரு வீட்டுதோ?"

தன் லோடு திரும்பி வந்ததற்காக வருத்தப்பட்ட மனிதர், விற்றுப்போன லோடுக்காகவும் யோசிக்கிறார். தப்பான ரிசல்ட் இரண்டு பக்கமும் வெட்டும். நல்ல சோளம் திரும்பிப் போனால் விவசாயிக்கு நஷ்டம். கெட்ட சோளம் உள்ளே போனால், கடன் வாங்கிக் கொட்டகை போட்ட கோழிப் பண்ணைக்காரருக்கு நஷ்டம். இரண்டு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

இப்போது அவர் காய்ந்த சோளத்தை மட்டும் மூட்டை பிடிக்கிறார். உடைந்ததையும் தூசியையும் சலித்துவிட்டு ஏற்றுகிறார். சாம்பிள் எடுக்கும்போது பக்கத்தில் நின்று, "எல்லா மூட்டையிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, மொத்தமா அரைச்சுப் பாருங்க தம்பி" என்று கேட்கிறாராம். எல்லா இடத்திலும் கேட்பதில்லை, சில இடத்தில் கேட்கிறார்கள்.

நம்மில் பலர் அடுத்த வருடம் ஏதாவது ஒரு தீவன மில்லிலோ, ஃபுட் கம்பெனியிலோ, சிமென்ட் ஆலையிலோ குவாலிட்டி லேபில் வேலைக்குச் சேரப் போகிறோம். முதல் நாள் உங்களுக்குப் பளபளப்பான கருவியைத்தான் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, மூலையில் கிடக்கும் அரவை மிஷினிடம் போய் ஸ்கிரீனைக் கழற்றிப் பாருங்கள். அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் எங்கள் மேடத்தின் கேள்வியையும் கேளுங்கள்.

எடுத்து அரைக்கிறீங்களா, அரைத்து எடுக்கிறீங்களா?